கந்தகத்தோடு வந்த பொன்

சிப்பித்தீவின் ஏழாம் குடியிருப்பில் முதல் பொன்மணி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெந்நீர் ஊற்றின் ஓரத்துச் சேற்றில் வந்து உட்கார்ந்திருந்தது. அதை முதலில் பார்த்தவள் மருதாயி. பார்த்ததும் அவள் செய்தது, தினமும் செய்வதுபோல வெப்பமானியை நீரில் விட்டு, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதியதுதான். அது அவள் வேலை. பூமியைப் படிக்கிற அரசாங்கத் துறை ஒன்று அவளைத் தினக்கூலிக்கு வைத்திருந்தது. நீரின் சூட்டை எழுத வேண்டும், ஒரு பாட்டிலில் நீர் பிடிக்க வேண்டும், கந்தக வாடை கொஞ்சமா, நடுத்தரமா, பலமா என்று மூக்கை நம்பி எழுத வேண்டும், வாரம் ஒருமுறை படகில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். அன்று அவள் 'பலம்' என்று எழுதினாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டீக்கரண்டியால் மணியை அள்ளி, ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு, பாறைமேல் வைத்துவிட்டுப் போனாள். கையால் தொடவில்லை.

ஏழாம் குடியிருப்பில் இருந்தவர்கள் பாதிப்பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ரப்பர் நடுவதற்காகக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். மீதிப்பேர் ராமநாதபுரத்துக் கரைகளிலிருந்து வலையோடு வந்தவர்கள். இரு தரப்பிலும் பெரிய அலை ஆள் எடுத்திருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழுந்து வந்து நாற்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு போயிற்று, போகிறபோது கரையையும் ஆளுயரத்துக்கு இறக்கிவிட்டுப் போயிற்று, பழைய தெருவும் தென்னந்தோப்பும் படகுத்துறையும் இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. மிஞ்சியவர்கள் மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள்.

எதிர்த்தீவின் எரிமலை அந்த வருஷம் ஐப்பசியில் புகைய ஆரம்பித்தது. நெருப்பு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சில் கந்தகம் இருந்தது. பெண்களின் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் ஒரே வாரத்தில் கறுத்தன, மாதா கோவில் குத்துவிளக்கு மங்கியது, புளி போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் திரும்பக் கறுத்தது. தங்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஜனங்கள் வாடைக்குப் பழகினார்கள், குழம்பில் பெருங்காயம் கூடப் போட்டார்கள், துணியை வீட்டுக்குள் காயப்போட்டார்கள். அந்த வாடையோடு வாடையாகத்தான் பொன்மணிகளும் வந்தன.

மணிகள் என்ன செய்யும் என்பதைக் கண்டுபிடித்தவர் ராயப்பன். எழுபது வயது, முழங்கால் வலி, காலையில் ஊற்றில் காலை ஊறப்போட வருவார். மருதாயி பாறைமேல் வைத்திருந்த கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மணி பிசைந்த மாவுபோல இளகியது, தளும்பியது, பிறகு ஒரு பல்லின் மேலுறையாகச் சுருங்கி நின்றது. அலையன்று மரத்தில் மோதி அவர் வாயிலிருந்து தெறித்துப்போன பல் அது. உள்ளே நுணுக்கமாக அவர் கடித்த தடம்கூட இருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னும் கால்மணி நேரம் காலை ஊறப்போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பல்லு வந்திருச்சு" என்றார். அவள், "எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கெல்லாம் ஊற்றுக்குப் போகும் வரிசை ஒன்று உண்டாயிற்று. தள்ளுமுள்ளு இல்லை, ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்காக இருந்தது. மருதாயி கரண்டியால் அள்ளித் தருவாள், வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்கள், வடிவம் எடுக்காவிட்டால் அடுத்தவரிடம் தருவார்கள். டீக்கடை காதர் பாயின் கையில் அவருடைய அம்மா காதில் தொங்கிய அலுக்கத்து வந்தது. அவர் அன்று கடையைச் சாத்தவில்லை, ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டார். தபால்காரர் மனைவியின் கையில் அவளுடைய முதல் புருஷனின் மோதிரம் வந்தது. அவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு ரெண்டு நாள் நடமாடினாள். மூன்றாம் நாள் இரண்டாவது புருஷனான தபால்காரர் தாமே சுவரில் ஒரு ஆணி அடித்து, "இங்க மாட்டும்மா, பாக்குறப்ப பாத்துக்கலாம்" என்றார். புது மாப்பிள்ளையாக அலையில் போனவனின் அரைப்பவுன் சங்கிலி, கட்டின ஒரு மாதத்தில் போன தாலி, மூக்குத்தி, ஞானஸ்நானச் சிலுவை என்று எல்லாம் வந்தன. இரத்த உறவு, தாலி உறவு கையில்தான் வடிவம் எடுக்கும் என்று ஊர் சொல்லிக்கொண்டது. வந்த வீட்டில் அன்றைக்கே காரியம் செய்தார்கள். பூசாரியும் மாதா கோவில் சாமியாரும் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ரெண்டு வீடு வந்தால் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். உடம்பு கிடைக்காத காரணத்தால் பத்தொன்பது வருஷமாகப் பாதியில் நின்றிருந்த அழுகையை ஒவ்வொரு வீடாக அழுது முடித்தார்கள்.

மருதாயி மட்டும் ஒரு மணியையும் தொடவில்லை.

அவளுக்குப் பவளம் என்று ஒரு மகள் இருந்தாள். ஏழு வயது. அலையன்று காலையில் மருதாயி மேட்டில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தாள், புருஷன் வீரமலை புகைவீட்டில் ரப்பர் தாள் உலர்த்திக்கொண்டிருந்தான். பிள்ளையிடம் துணிப்பையைக் கொடுத்து, கரைக்குப் போய் மீன் வாங்கி வா என்று அனுப்பியவள் மருதாயிதான். பிள்ளை காதில் பொன் தோடு போட்டிருந்தாள், கல் கிடையாது, ஐந்து இதழில் ஒரு சின்னப் பூ. அவள் எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் சிலர் வேறு தீவுகளில், வேறு ஊர்களில், பெயர் மாறி வளர்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஊர் அந்தப் பேச்சை ரெண்டு வருஷத்தில் விட்டுவிட்டது. மருதாயி விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி வரும்போது வீரமலை, "எள்ளுந் தண்ணியும் விட்ருவமா?" என்று கேட்பான், அவள், "உசிரோட இருக்கிற புள்ளைக்கா?" என்பாள். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்பது அவள் கணக்கு. அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி எவ்வளவு நீளம் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஊரே ஆசையோடு போன ஊற்றுக்கு அவள் பயத்தோடு போனாள். பூவடிவத் தோடு ஒன்று அந்தச் சேற்றிலிருந்து வந்துவிட்டால், பிள்ளை கடலுக்கடியில் போனவள்தான் என்று ஆகிவிடும். தொடாதவரைக்கும் வராது.

மார்கழியில் துறையிலிருந்து அதிகாரி ஷெரின் வந்தாள். நாகர்கோவில்காரி, முப்பது வயது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பாட்டில்களையும் நோட்டையும் சரிபார்ப்பவள். வரிசையையும் பார்த்தாள், ஒரு கிழவியின் கையில் மணி மூக்குத்தியானதையும் பார்த்தாள். பாறையில் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினாள்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று மருதாயி கேட்டாள்.

"பாதி தெரியும்க்கா," என்றாள் ஷெரின். "நம்ம தீவுக்கு அடியில கடல்தரை சாய்ஞ்சு உள்ள போய்க்கிட்டே இருக்கு. நகம் வளர்ற வேகந்தான், ஆனா நிக்கிறதே இல்ல. போகும்போது உப்பு, தண்ணி, கந்தகம் எல்லாத்தையும் சேத்து உள்ள கொண்டு போகும். ஆழத்துல சூடு தாங்காம தண்ணியும் கந்தகமும் பிரிஞ்சு மேல கிளம்பும். அதுங்க பட்ட எடத்துல பாறை உருகிக் குழம்பாகும். அந்தக் குழம்புதான் எரிமலைக்கு வருது."

"பொன்னு?"

"பொன்னு யாரோடயும் சேராது. துருப்பிடிக்காது, உப்புல கரையாது. ஆழத்துல அது பாறைக்குள்ள இருக்கிற கந்தகத் துகள்ல ஒட்டிக்கிட்டு அசையாமக் கெடக்கும். ஆனா கீழேருந்து புதுசாக் கந்தகம் வந்து, அதோட அணுங்க மூணு மூணாக் கைகோத்துச்சுன்னா, பொன்னு பழைய பிடியை விட்டுட்டு அதோட கிளம்பிரும். கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கிறதும் கந்தகந்தான், மேல கூட்டிட்டு வர்றதும் கந்தகந்தான். மேல வந்ததும் கந்தகம் காத்தாப் போயிரும், பொன்னு துணையில்லாம அங்கேயே தங்கிரும். இதெல்லாம் படிச்சது. ஆனா அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகணும். இது பத்தொம்பது வருஷத்துல வந்திருக்கு, வந்தது ஆளைத் தெரிஞ்சு வேற வருது. அந்தப் பாதி எனக்குத் தெரியாது. பார்த்தேன்னு எழுதியிருக்கேன்."

"போனது எல்லாம் வந்துருமா?"

"எல்லாம் வராது. கந்தகம் கைபட்டது மட்டும் வரும்." ஷெரின் நோட்டைப் புரட்டினாள். "வாடை கொறைஞ்சுக்கிட்டு வருது போலயே. நடுத்தரம், நடுத்தரம், கொஞ்சம்னு எழுதியிருக்கீங்க. இன்னும் பத்து நாள்ல நின்னுரும். நின்னா மணியும் நின்னுரும்."

மருதாயிக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. அவள் அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். வீரமலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, "வந்த மணியெல்லாம் நீ ஒரு தடவ தொட்டிருக்கலாம்" என்றான்.

"நீ தொட்டியே. ஒன் கையில ஒண்ணும் ஆகலையே."

"நான் தோடு போட்டுவிட்டவன் இல்ல. நீதான தினம் காதத் தொடச்சுத் திருகுவ."

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை பிறப்பதற்கு முன் வாடை நின்றது. தேய்த்த கொலுசுகள் மறுபடி கறுக்கவில்லை. யார் கையிலும் வடிவம் எடுக்காத மணிகள் கொட்டாங்குச்சியில் பத்தொன்பது மிஞ்சியிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. மாதாவுக்கு என்று ஒருவர் சொன்னார், மாரியம்மனுக்கு என்று ஒருவர் சொன்னார். ராயப்பன்தான், "ஊர்ல இருக்கிற அத்தன பேர் கையும் இதுகளத் தொட்ருச்சா? வரிசைக்கு வராதவங்க இருக்காங்கல்ல" என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டது. யாரையும் பறிகொடுக்காதவர்கள் வரிசைக்கு வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வட்டமாக உட்காருவது, ஒரு மணி விடாமல் எல்லோர் கையிலும் சுற்றிவருவது என்று முடிவாயிற்று. கரண்டி மருதாயியின் கையில்தான் இருந்தது. அவள் அள்ளி ஆரம்பித்து வைப்பாள், தொடமாட்டாள். அதை யாரும் வற்புறுத்தவில்லை. அவளுக்கு ஏன் என்று ஊருக்குத் தெரியும்.

வட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் சூசை உட்கார்ந்திருந்தார். படகுக்காரர், அறுபதைத் தொடுகிறவர். மருதாயியின் பாட்டில்களை வாரந்தோறும் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். அலையில் அவர் வீட்டில் யாரும் போகவில்லை. மகன் பெனடிக்டுக்கு அப்போது ஐந்து வயது, அப்பா இடுப்பில் இருந்ததால் பிழைத்தான், இப்போது கப்பலில் வேலை செய்கிறான். மருதாயி கரண்டியை நீட்டியபோது சூசை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கெதுக்கும்மா. எங்க வீட்டுல யாரும் போகல," என்றார்.

"எல்லாரும்னா எல்லாரும்தான்," என்றார் ராயப்பன்.

சூசை வலது கையை எடுத்து விரித்தார். முதல் மூன்று மணிகள் அவர் கையில் சும்மா கிடந்தன, அடுத்தவருக்குப் போயின. நாலாவது மணி விழுந்ததும் இளகியது. மருதாயி கரண்டியை எடுக்காமல் குனிந்த வாக்கிலேயே நின்றாள். மணி தட்டையாகப் பரந்தது, ஓரம் நெளிந்தது, ஒன்று, இரண்டு, ஐந்து இதழாகப் பிரிந்தது, நடுவில் குமிழ் எழுந்தது, பின்னால் திருகாணியின் தண்டு நீண்டது. சூசையின் உள்ளங்கையில் பவளத்தின் தோடு உட்கார்ந்திருந்தது.

தூரத்தில் யாரோ வீட்டுப் பிரஷர் குக்கர் ரெண்டு தடவை கூவி அடங்கியது.

வீரமலை எழுந்து வந்து பார்த்தான். "இது எங்க புள்ளையோடதுதான," என்றான் மெதுவாக. "ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு சூசையண்ணே?"

சூசை கையை மூடவில்லை. மூட முடியாதவர்போல் நீட்டியபடியே வைத்திருந்தார். "கடைசியாத் தொட்ட கைக்குத்தான் வருது போல," என்றார். அப்படித்தானே எல்லாம் வந்தன என்று அப்போதுதான் ஊருக்கும் பட்டது.

"நான் அப்பத் துறையில மீன் வித்துக்கிட்டிருந்தேன். புள்ள எங்கிட்ட வாங்க வந்துச்சு," என்றார் சூசை. "சாளை. பையில போட்டுக் குடுத்தேன். கடல் உள்வாங்கினப்ப நான் பார்த்துட்டேன். பெனடிக்ட இடுப்புல தூக்கிட்டேன், ஒங்க புள்ளைய வலது கையில தூக்கிட்டேன், ஓடினேன். தண்ணி பின்னாலயே வந்துச்சு. தோப்புக்குள்ள ஒரு தென்னையப் புடிக்கணும். புடிக்க ஒரு கை வேணும்." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "தலையத்தான் என் கழுத்தோட சேத்து அமுக்கியிருந்தேன். தோடு உள்ளங்கையில குத்துச்சு. இன்னைக்கும் குத்துது. தண்ணி வந்து இழுத்துச்சு. நான் கையை எடுத்து மரத்தப் புடிச்சேன். அவ்வளவுதான். தண்ணி புடுங்குச்சா, நான் விட்டேனான்னு எனக்கே தெரியல. விட்டேன்னுதான் நெனைக்கிறேன். ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பாக்கவே இல்லன்னு சொன்னேன்."

வட்டத்தில் இருந்தவர்கள் மருதாயியைப் பார்த்தார்கள். சூசையின் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளுக்கும் இது தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மருதாயி கரண்டியைப் புல்லில் வைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, நீளத் தலைமுடியோடு, எங்கோ ஒரு ஊரில் ஒரு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேசினாளா?" என்று கேட்டாள்.

"பேசுச்சு."

"என்ன?"

சூசை சொல்லத் தயங்கினார். "வேணாந் தங்கச்சி."

"சொல்லுங்க."

"ஓடும்போது பை விழுந்துருச்சு. 'மாமா, மீன் பை, அம்மா திட்டும்'னுச்சு. ரெண்டு மூணு தடவ சொல்லுச்சு. பயந்து அழல. பையப் பத்தித்தான் அதுக்குக் கவல."

மருதாயி புல்லைப் பார்த்தாள். "நான் திட்டியிருக்க மாட்டேன்," என்றாள். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. பிறகு அழுதாள். சத்தமில்லாமல், உடம்பு குலுங்காமல், நிறைந்த குடம் வழிவதுபோல அழுதாள். வீரமலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தான். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நீட்டிய கையோடு சூசை அப்படியே இருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

அழுது முடித்ததும் மருதாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு தூரம் தூக்கிட்டு ஓடினீங்க?"

"துறையிலருந்து தோப்பு வரைக்கும். ஒரு எரநூறு அடி இருக்கும்."

"ரெண்டு பேரையும்."

"ஆமா."

"மணல்ல."

"ஆமா."

அவள் கையை நீட்டினாள். சூசை தோட்டை அவள் உள்ளங்கையில் சாய்த்தார். அது தோடாகவே இருந்தது. இன்னும் இளஞ்சூடாக இருந்தது, ஊற்றின் சூடா அவர் கையின் சூடா என்று சொல்லமுடியாத சூடு. அவள் அதைத் திருப்பி, திருகாணியைத் தொட்டுப் பார்த்தாள். மீதி மணிகள் அன்று மாலைவரை சுற்றிவந்தன. அந்தப் பதினெட்டும் யார் கையிலும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றை ஊற்றின் சேற்றிலேயே திரும்ப விட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பூசாரி வந்து, காரியத்துக்கு என்னென்ன வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். வீரமலை எள் வாங்கினான். மருதாயி அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றாள். நீர் வற்றுகிற நேரம் பார்த்து அவள் சூசையின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள்.

"அண்ணே, அந்த எரநூறு அடியக் காட்டுங்க," என்றாள்.

சூசை சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பழைய துறை வற்றுநீரிலும் இடுப்பு ஆழத்தில்தான் கிடந்தது. கான்கிரீட் மேடையின் ஒரு மூலை பாசி பிடித்துத் தெரிந்தது. அங்கே நின்று அவர், "இங்கதான் மீன் கூடை இருந்துச்சு," என்றார். பிறகு நடந்தார். மருதாயி அவர் பின்னாலும் வீரமலை அவள் பின்னாலும் நடந்தார்கள். கடல் தட்டையாக, வெளிச்சமாக, எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. "இங்க அது செருப்பு கழண்டுச்சு. இங்க பை விழுந்துச்சு. இங்க பெனடிக்டு கத்தினான்," என்று சூசை ஒவ்வொரு இடமாகச் சொன்னார், பத்தொன்பது வருஷமாகத் தினமும் நடந்து பார்த்தவர்போல இடம் தவறாமல் சொன்னார். தோப்பு இருந்த இடத்தில் மொட்டைத் தென்னைகள் பத்துப் பன்னிரண்டு தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அவர் ஒரு மரத்தைத் தொட்டார்.

"இது."

மருதாயி அந்த மரத்துக்குக் கொஞ்சம் அப்பால் போய் நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக அவளைச் சுற்றிப் போயிற்று. எந்தத் தெரு முனையிலிருந்தும் எந்த அம்மாவும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், கோபமில்லாமல், கொஞ்சம் நீட்டி, "பவளம்," என்று ஒருமுறை கூப்பிட்டாள். அவள் அந்தப் பெயரை அப்படிக் கூப்பிட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. குரல் நீரின்மேல் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிறவரைக்கும் அவள் நின்றாள்.

பிறகு திரும்பினாள். சூசை மரத்தைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார், வருவதாகத் தெரியவில்லை. மருதாயி அவர் கிட்டப்போய் அந்த வலது கையை மரத்திலிருந்து எடுத்தாள்.

"தண்ணி ஏறுது, வாங்க," என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சூசை நடுவில், கரையைப் பார்த்து நடந்தார்கள்.